நிறை மூன்று, குறை பதினாறு

அத்தியாயம் 8

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். சிறுவாணித் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் வரும். இன்று வரும் நாள். இரண்டு குடமும் ஒரு பக்கெட்டும் பிடித்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். மூன்று விசில். தயிர் இருந்தது. சவரம் செய்தேன். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை.

ஏழு மணிக்குப் பேப்பர் வந்தது. முதல் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழை. மடித்து வைத்தேன்.

சனிக்கிழமை. அச்சகத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சென்னைக்குப் போன் செய்ய வேண்டும். அதற்குள் ஒரே ஒரு வேலை. என் மனைவி கலாமணி எழுதிய நாவலில் ஒரு குறை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். கலாமணி போய் நான்கு மாதம். மூளைக் காய்ச்சல், ஒன்பது நாள். பத்து நாளைக்கு முன்னால் 'திருமதி நந்திதா' என்ற பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று தபால்காரரிடம் திருப்பி நீட்டினேன். கவரின் பின்பக்கத்தில் ஒரு மாத நாவல் அலுவலகத்தின் முத்திரை இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். நந்திதா என்பது கலாமணி தனக்கே வைத்துக்கொண்ட பெயர். நாவலை அவள் போட்டிக்கு அனுப்பியதும் எனக்குத் தெரியாது.

கடிதம் எழுதியவர் ஆசிரியர் நாகூர் மீரான். நாவல் கடைசி மூன்றில் வந்திருப்பதாக எழுதியிருந்தார். தமிழில் ஒரு பெண்ணை சூப்பர் ஹீரோவாக வைத்து இவ்வளவு வேகமாக யாரும் எழுதி அவர் படித்ததில்லையாம். சிரிக்க வைத்ததாம். ஆனால் ஒரு குறை. நாயகிக்குப் பலம் எங்கிருந்து வருகிறது? ஏழாம் அத்தியாயத்தில் அது ஏன் போகிறது? இரண்டும் தெரியவில்லை. அது தெரியாத வரை இது வெறும் அடிதடி. சரிசெய்து தந்தால் ஜூலையில் போடலாம்.

போன் செய்து கலாமணி இல்லை என்று சொன்னேன்.

"அப்ப நீங்க பாத்து சரிசெஞ்சு தாங்க" என்றார். "சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்கேன். அதைத் தாண்டினா வேற நாவல் மெஷினுக்குப் போயிடும். அப்புறம் இதைப் போட முடியுமான்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

ஒரு வாரமாகப் படித்தேன். கலாமணி சுத்தப் பிரதி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தாள். அதன் ஜெராக்ஸ் பீரோவில் இருந்தது. நான்கு முறை படித்தேன். அவர் சொன்னது சரி. பலம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

என் தொழில் புரூப் பார்ப்பது. பள்ளிக்கூட நோட்ஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் பார்ப்பேன். இந்த நாவலையும் போன ஆவணியில் பார்த்தேன். அவள் மூன்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, "நிறை குறை சொல்லுங்க" என்றாள். ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் நிறை மூன்று. வலது பக்கம் குறை பதினாறு.

நிறையில் முதலாவதாக நான் எழுதியது: கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. தாராபுரத்திலிருந்து அத்தையும் சென்னிமலையும் வந்திருந்தார்கள். அத்தை வள்ளியாத்தாள், கலாமணியின் அம்மா. சென்னிமலை அவள் தம்பி. இருபத்து நான்கு வயது. டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறான். புத்தகம் வரப்போகிற சேதியை அவனுக்குத்தான் எழுதியிருந்தேன். குறையைப் பற்றி எழுதவில்லை.

"ஏனுங்க மாப்பிள்ளை, இப்படி எளைச்சுப்போட்டீங்க?"

"இல்லைங்க அத்தை."

"என்ன இல்லைங்க. கழுத்தெலும்பு தெரியுது. சென்னிமல, உங்க மச்சானைப் பாரு சாமி."

"பாத்தனுங்கம்மா. கொடியில காயப்போட்ட சட்டை மாதிரி இருக்காருங்க."

அத்தை நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். குக்கரைத் திறந்தார். மூடினார். தயிர்ப் பாத்திரத்தை முகர்ந்தார். பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு மணிக்கு எனக்குச் சோறு போட்டார். நான் பாதியில் கையை எடுத்தேன்.

"சாப்பிடுங்க. உசுரு போற நேரத்துலயும் எம்புள்ள அதத்தானுங்க சொன்னா. 'போயி சாப்பிட்டுட்டு வாங்க'ன்னு. ஊருல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கறன். அப்படி மருவாதை தெரிஞ்ச புள்ள."

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"செரிங்க" என்றார், தட்டு காலியானதும். "கதையப் படிங்க. எனக்கு எழுத்து தெரியாது. தெரிஞ்சா உங்களக் கேப்பனா?"

மணியைப் பார்த்தேன். பன்னிரண்டரை. ஐந்தாவது முறையும் படித்துத்தான் ஆக வேண்டும். ஜெராக்ஸை எடுத்தேன்.

"கதைக்குப் பேரென்னங்க?"

"'எஃகுச் சிறகு'ங்க அத்தை."

"அப்படின்னா?"

"இரும்பு றெக்கைங்கம்மா" என்றான் சென்னிமலை. "கதையில றெக்கை எங்கீங்க மச்சான் வருது?"

வராது. அந்தத் தலைப்பு நான் வைத்தது.

கதை இதுதான். மயிலாத்தாள் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டார் காயில் சுற்றுகிறவள். ஒரு நாள் சத்தி ரோட்டில் பிரேக் பிடிக்காமல் வந்த பஸ்ஸை நடுரோட்டில் நின்று நிறுத்துகிறாள். பஸ் நின்றுவிடுகிறது. பிறகு விழப்போகும் தண்ணீர்த் தொட்டியை நிறுத்துகிறாள். அறுந்த கரண்ட் கம்பியைத் திரும்பிப் போகச் சொல்கிறாள். காக்கிக் கோட்டுதான் அவள் உடுப்பு. மதுக்கரைக் குன்றுக்குள் சுண்ணாம்பன் என்று ஒருவன் இருக்கிறான். அவன் கூப்பிட்டால் மனிதர்கள் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிப்போவார்கள். சுருங்கியவர்களை ஊறுகாய் ஜாடியில் போட்டு வைப்பான். மயிலாத்தாளின் தங்கையும் அந்த ஜாடியில் இருக்கிறாள்.

அத்தை சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கேட்டார். சென்னிமலை தலைவாசலில் உட்கார்ந்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் மயிலாத்தாளின் அம்மா பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். அத்தை காலை மடக்கிக்கொண்டார்.

"நான் செத்துப்போட்டனா?"

"கதைங்க அத்தை."

"கதைன்னா. அவளுக்கு அம்மா நாந்தான?"

"ஆமாங்க."

"செரி. படிங்க."

ஐந்தாம் அத்தியாயத்தில் மயிலாத்தாள் களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறாள். அம்மா கொள்ளு ரசம் வைத்துக் கொடுக்கிறாள். இது என் தாளில் ஒன்பதாவது குறை. இறந்தவர் ரசம் வைக்கிறார், பிழை, நீக்குக என்று எழுதியிருந்தேன். கலாமணி மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டாள். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"இது தப்புங்க அத்தை. எடுக்கோணும்."

"என்ன தப்பு?"

"ரெண்டாவதுல செத்தவங்க அஞ்சாவதுல எப்படிங்க ரசம் வைப்பாங்க?"

அத்தை என்னை நேராகப் பார்த்தார்.

"செத்தவங்க வந்து ஒருவேளை ரசம் வெச்சுப்போட்டுப் போனா உங்களுக்கென்னங்க கஷ்டம்?"

நான் பென்சிலைத் தேடினேன்.

"அது அங்கியே இருக்கட்டும். அதுல கை வெக்காதீங்க."

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். சுண்ணாம்பன் முதல் முறையாக வாய் திறக்கிற இடம். "மானிடனே, இங்கே வா!" என்று வாசித்தேன். சென்னிமலை சிரித்துவிட்டான்.

"என்னடா?"

"இல்லைங்க மச்சான். மதுக்கரைக்காரன் சாமியாராட்டப் பேசறான்."

அத்தை சிரிக்கவில்லை. அவருக்கு வேறு ஏதோ உறுத்தியது.

"மாப்பிள்ளை, அந்த மொத பஸ்ஸை நிறுத்தறாள்ல. அதை மறுக்காப் படிங்க."

படித்தேன். "மயிலாத்தாள் கையை உயர்த்தினாள். 'பேருந்தே, நில்!' என்றாள். பேருந்து நின்றது."

"ஏன் நின்னுச்சு?"

"தெரியலைங்க அத்தை. அதைத்தான் சென்னையிலயும் கேக்கறாங்க. அந்தக் குறையச் சரிசெஞ்சாத்தான் புஸ்தகம் வரும். அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

சொல்லிவிட்டேன். அத்தை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நில்லுன்னா எப்படிங்க நிக்கும்? அத்தப் பெரிய வண்டி. அதுல நாப்பது பேரு இருக்கறாங்க. வாடா போடாங்கற மாதிரி நில்லுன்னா? நம்மூட்டுல எருமையவே 'வாங்க, வந்து தண்ணி குடிங்க'ன்னுதான் கூப்பிடுவோம். கலாமணி கோழியக்கூட 'போங்க, அக்கட்டால போங்க'ன்னுதான் தொரத்துவா. இது யாருங்க பேசறது? எம்புள்ள இப்படிப் பேச மாட்டாளே."

நான் எழுந்தேன்.

பீரோவின் அடித்தட்டில் அந்த மூன்று நோட்டும் இருந்தன. அவள் முதலில் எழுதியவை. என் பென்சில் அவற்றின் மேல்தான் ஓடியது. நான்கு மாதமாக அந்தத் தட்டை நான் திறக்கவில்லை. இந்த வாரமும் திறக்கவில்லை. திருத்திய பிரதி கையில் இருக்கும்போது திருத்தாததை எதற்குப் பார்க்க வேண்டும்?

எடுத்து வந்தேன்.

முதல் பக்கம். அவள் வைத்த தலைப்பு: 'சித்தெ நில்லுங்க'. சித்தெ என்றால் எங்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம். என் பென்சில் கோடு அதன் குறுக்கே. மேலே என் கையெழுத்தில் 'எஃகுச் சிறகு'. மூன்றாம் பக்கம். கோடு போட்டிருந்த வரியை, கோட்டை விட்டுவிட்டு வாசித்தேன்.

"மயிலாத்தாள் கையத் தூக்குனா. 'ஏனுங்க பஸ்ஸுங்க, சித்தெ நில்லுங்க, கொழந்தைங்க வருது' அப்படின்னா. பஸ்ஸு நின்னுபோட்டுது."

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுங்களாமா! பஸ்ஸுங்க! அப்படிக் கேட்டா நிக்காம என்ன பண்ணும்? படிங்க, படிங்க."

படித்தேன். "தொட்டிங்க, பொறுத்துக்கங்க, இதா இப்ப ஆள நகத்திப்போடறன்." தொட்டி பொறுத்துக்கொண்டது. "கரண்டுங்க, வந்த வழியே போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது." கரண்ட் போனது.

ஒவ்வொரு 'ங்க'வின் மேலும் என் பென்சில் சுழி. நீக்குக என்பதற்கு எங்கள் தொழிலில் போடும் சுழி. என் தாளில் அது நான்காவது குறை. எனக்கு மனப்பாடம். 'நாயகி பஸ்ஸையும் தண்ணீர்த் தொட்டியையும் மரியாதையாக விளிக்கிறாள். பேச்சு வழக்கு. நகைப்புக்கு இடம். முழுவதும் நீக்குக.'

சுண்ணாம்பன் வருகிற பக்கத்தைத் திருப்பினேன். "மானிடனே, இங்கே வா" என்பது நான் எழுதியது. அவள் எழுதியது ஒரே சொல்.

"டேய்."

அவன் யாரை டேய் என்கிறானோ அவர் சுருங்கிப்போகிறார். இவள் எதை வாங்க போங்க என்கிறாளோ அது கேட்கிறது. அவ்வளவுதான் கதை. எங்கேயும் அவள் அதை விளக்கவில்லை. படிப்பவருக்கு விட்டிருந்தாள்.

புரூப் பார்ப்பவன் கதையைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்பித்திருக்கிறது. கதைக்குள் போனால் எழுத்து தப்பிவிடும். நான் கதைக்குள் போகவில்லை. ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"ஏழாவது படிங்க மச்சான்" என்றான் சென்னிமலை. குரல் மாறியிருந்தது.

ஏழாவதில் மயிலாத்தாள் அமராவதிப் பாலத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். பாலத்தின் மேல் சந்தைக்குப் போகிற லாரி, மாட்டுவண்டி, ஜனம். "பாலமுங்க, இன்னும் சித்தெங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அக்கரையில் சுண்ணாம்பன் ஜாடியைத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே கட்டைவிரல் அளவில் தங்கை. அவன் ஜாடியைக் குலுக்குகிறான். அவள் பொறுக்கிறாள். மறுபடி குலுக்குகிறான். அவள் கத்திவிடுகிறாள்.

"போடா!"

பாலம் விழுகிறது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லிப்போட்டாளா" என்றார். "ஐயோ கண்ணு. சொல்லிப்போட்டாளா. அப்புறம் எங்க நிக்கும்?"

எழுத்து தெரியாதவர். ஒரு முறைதான் கேட்டார்.

அந்தச் சொல்லையும் நான் அடித்திருந்தேன். 'நாயகியின் வாயில் இது தகாது' என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்.

முடிவையும் பார்த்தேன். சுத்தப் பிரதியில் மயிலாத்தாள் சுண்ணாம்பனைக் குத்திக் கொல்கிறாள். பதினாறாவது குறையில் நான் கேட்டது அது. நோட்டில் அவள் ஜாடிக்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாங்க, எந்திரிங்க. ஒவ்வொருவராக வளர்கிறார்கள். ஜாடி உடைகிறது. கடைசியாகச் சுண்ணாம்பனைப் பார்த்து, "நீங்களும் வாங்க, சாப்பிட்டு எத்தன நாளாச்சோ" என்கிறாள். அவனை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நோட்டை மூடினேன். பிறகு திறந்தேன். மேசையிலிருந்து ரப்பரை எடுத்தேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அத்தை.

"அழிக்கறனுங்க."

"எம்புள்ள எழுத்தையா?"

"என்னோட எழுத்தைங்க அத்தை."

சென்னிமலை இரண்டாவது நோட்டை இழுத்துக்கொண்டான். கடைக்குப் போய் ஒரு ரப்பர் வாங்கி வந்தான். இருவரும் தரையில் உட்கார்ந்து அழித்தோம். பென்சில் எளிதில் போகவில்லை. நான் அழுத்தி எழுதுகிறவன். சில இடங்களில் அவள் மையும் சேர்ந்து மங்கியது. அங்கெல்லாம் நிறுத்தி மெதுவாகத் தேய்த்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு 'ங்க'.

"அக்கா இந்தக் கதைய எங்கிட்டச் சொல்லியிருக்கறா" என்றான் சென்னிமலை, தலையைத் தூக்காமல். "போன ஆடிக்கு வந்தப்போ. நீங்க நிறை குறை எழுதிக் கொடுத்ததுக்கு அப்புறம் தீவாளிக்கு வந்தாளுங்க. 'கதையே மாறிப்போச்சு'ன்னு சொன்னா. நான் கேட்டன், மச்சான்கிட்ட இன்னதுதான் விசயம்னு சொல்ல வேண்டியதுதானன்னு."

ரப்பர்த் தூளை ஊதினான்.

"என்ன சொன்னா?"

"விடுங்க மச்சான்."

"சொல்லு."

"'உங்க மச்சான் எத்தன புஸ்தகம் பாக்கறவரு. அவருக்கே புரியலீன்னா அது கதையோட குறைதான்டா. சொல்லிப் புரிய வெக்கற கதை என்ன கதை'ன்னா."

நான் அழித்துக்கொண்டிருந்தேன். அவள் பதினொரு நாள் உட்கார்ந்து சுத்தப் பிரதி எடுத்தாள். இந்த மேசையில்தான். நான் எதிரே கல்யாணப் பத்திரிகை புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சுதா?" என்று ஒரு முறை கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரியே மாத்திப்போட்டனுங்க" என்றாள். "நல்லது" என்றேன்.

நாலே முக்காலுக்கு மூன்று பேரும் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அத்தை வருவேன் என்று பிடிவாதம். கண்ணாடிக் கதவுக்குள் இருவர்தான் நிற்கலாம். சென்னிமலை வெளியே நின்றான். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன.

"குறையைக் கண்டுபிடிச்சீங்களா?" என்றார் நாகூர் மீரான்.

"கண்டுபிடிச்சேன். அது கதையில இல்லைங்க. எங்கிட்ட."

முழுதும் சொன்னேன். நான்காவது குறை, பதினாறாவது குறை, டேய், போடா. அவர் குறுக்கே பேசவில்லை.

"பஸ்ஸுங்க?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க. பஸ்ஸுங்க."

"அடப்பாவமே." அவர் சிரித்தாரா என்ன செய்தார் என்று தெரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க, அந்தத் தொட்டிகிட்ட என்ன சொல்றா?"

"தொட்டிங்க, பொறுத்துக்கங்க."

"எனக்கு வேண்டிய நாவல் அதுதான். ஆனா இப்ப பாருங்க, அட்டை போட்டாச்சு. ஆர்ட்டிஸ்ட் ஒரு பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் இரும்புச் சிறகு வரைஞ்சு குடுத்துட்டாரு. பக்கமும் ஏறும். மொத்தம் தொண்ணூத்தாறு பக்கத்துக்கு மேல நான் போக முடியாது. வேற குறை ஏதும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இருக்குங்க. சுண்ணாம்பன் வர்றது லேட்டு. மூணாவது அத்தியாயம் இழுக்குது. நாயகியோட அம்மா ரெண்டாவதுல செத்து அஞ்சாவதுல ரசம் வைக்கிறாங்க."

"அதைக் கட்டாயம் எடுக்கணும்."

அத்தை என் முழங்கையைப் பிடித்தார். காதில் விழுந்திருக்கிறது.

"அது இருக்கட்டுங்க" என்றேன். "மத்ததை வெட்டிக்கலாம்."

"ஏன்?"

"அவங்க அம்மா சொல்றாங்க."

அவர் வற்புறுத்தவில்லை. "நோட்டை கூரியர்ல அனுப்புங்க. திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடுங்க. அதுக்குள்ள ஆர்ட்டிஸ்ட்டைப் பிடிக்க முடியுதான்னு பாக்கறேன். ஜூலையா இல்லையான்னு அப்ப சொல்றேன். இப்ப எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"சரிங்க."

"இன்னொண்ணு. போட்டோ ஒண்ணும் பின்னட்டைக்கு நாலு வரியும் வேணும். நீங்களே எழுதுங்க. அவங்க கடைசியா ஏதாவது சொல்லியிருந்தா அதையும் சேருங்க. படிக்கிறவங்க அதைத்தான் தேடுவாங்க."

ரிசீவரை வைத்தேன். அத்தையிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன யோசன" என்றார். "'போயி சாப்பிட்டுட்டு வாங்க'ன்னு சொன்னாள்னு எழுதுங்க. ஊருக்கே தெரியுமே. அச்சுல வரட்டும்."

நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்தோம். அத்தை அசலைத் தர மறுத்தார். ஜெராக்ஸை கூரியரில் போட்டோம். அசலை முந்தானையில் சுற்றிக்கொண்டார். நான் கேட்கவில்லை. காந்திபுரத்தில் ஆறு மணி பஸ் நின்றது. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"வாரனுங்க மாப்பிள்ளை. குக்கர்ல மீதி சோறு இருக்குது."

"செரிங்க அத்தை."

சென்னிமலை படியில் நின்றபடி டிரைவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "பஸ்ஸுங்க, போலாங்க" என்றான் மெதுவாக. பஸ் கிளம்பியது. அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு தாளை எடுத்தேன். கோடு போடவில்லை. மூன்று வரி எழுதினேன். பெயர் கலாமணி. ஊர் தாராபுரம். இது அவள் எழுதியபடியே இருக்கிறது.

நான்காவது வரி மீதி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் அங்கப்பன்தான் முதலில் கேட்டார். "கடைசியா ஏதாச்சும் சொன்னாளுங்களா?" நான் ஒன்று சொன்னேன். அதுதான் தாராபுரம் வரை போயிருக்கிறது. அதில் ஒரு திருத்தம் உண்டு. யாரும் கேட்காமல் நான் செய்தது.

ஒன்பதாம் நாள், மத்தியானம் மூன்று மணி. முந்தின நாளிலிருந்து நான் சாப்பிடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான்கரை வருடத்தில் ஒரு நாளும் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அந்த 'ங்க'வை மூச்சு போதாமல் விட்டாளா, சலித்துப்போய் விட்டாளா, பிரியத்தில் விட்டாளா, தெரியாது. நான் போனேன். கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். வராந்தாவுக்கு வருவதற்குள் என் வாய் அதைத் திருத்தி முடித்திருந்தது.

நான் சேர்த்ததை எடுத்துவிட்டு, விட்டதைச் சேர்த்து நான்காவது வரியை எழுதினேன்.

"இங்கியே நின்னுட்டிருந்தா என்ன ஆவப்போவுது. போ. போயி ஒரு வாய் சாப்பிடு."